கல் அணைக்குள் ஒரு தார்ச்சுவர்

நார்வே நாட்டின் வடக்கே, ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டி, ஸ்வார்ட்டிசன் என்ற பெரிய பனியாற்றின் அருகே ஸ்டோர்குளோம்வாட்ன் என்றோர் அணை இருக்கிறது. 1997இல் கட்டி முடித்தார்கள். உயரம் சுமார் 125 மீட்டர். அந்த நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு 350 கோடி கன மீட்டர், நம் கணக்கில் ஏறத்தாழ 124 டிஎம்சி. மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி என்பதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அணை கிட்டத்தட்ட முழுக்கக் கல். பாறையை வெடிவைத்து உடைத்து, அடுக்கடுக்காகக் கொட்டி, ரோலர் ஓட்டி இறுக்கிய கல். எவ்வளவுதான் இறுக்கினாலும் கற்களுக்கு இடையே சந்து இருக்கும், தண்ணீர் சல்லடையில் போவதுபோலப் போய்விடும். அப்படியானால் அத்தனை தண்ணீரையும் நிறுத்துவது எது? அணையின் நடுவே, இந்த மலையிலிருந்து அந்த மலை வரை, அடியிலிருந்து உச்சி வரை ஓடும் ஒரு தார்ச்சுவர். நாம் ரோட்டில் பார்க்கும் தார், ஜல்லி, கல்தூள் இவைதான் அதன் பொருள்கள். அதன் கனம் உச்சியில் 50 சென்டிமீட்டர், அடியில் 95 சென்டிமீட்டர். அதாவது மேலே ஒரு முழம், கீழே இரண்டு முழம்.

முதல்முறை இதைப் படித்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. அடிவாரத்தில் 350 மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஒரு கல்மலையைக் கட்டிவிட்டு, நீரைத் தடுக்கும் வேலையை மட்டும் இரண்டு முழச் சுவரிடம் எப்படி ஒப்படைத்தார்கள்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் இந்த வகை அணையின் வடிவமைப்பு தானாகப் புரிந்துவிடும்.

மண்ணையோ கல்லையோ கொட்டிக் கட்டும் எந்தக் கரைக்கும் இரண்டு வேலை. நீர் தள்ளும்போது நகராமல் நிற்க வேண்டும், நீரை உள்ளே விடாமல் தடுக்கவும் வேண்டும். சின்ன ஏரிக்கரையில் ஒரே மண் இரண்டையும் பார்த்துக்கொள்ளும். உயரம் ஏற ஏற வேலையைப் பிரித்துக் கொடுத்தாக வேண்டும். நிற்பதற்கு இரு பக்கமும் கனமான கல் அல்லது சரளை, தடுப்பதற்கு நடுவில் நீர் புகாத ஏதோ ஒன்று. பொறியாளர்கள் இந்த நடுப்பகுதியைக் ‘கோர்’ என்பார்கள். நான் நடுச்சுவர் என்றே எழுதுகிறேன்.

காலங்காலமாக அந்த இடத்தில் இருப்பது களிமண். நல்ல பொருள்தான், உலகின் மிக உயரமான கரை அணைகள் பலவற்றில் நடுவே இருப்பது மண்தான். ஆனால் அது சொன்னபடி கேட்காது. ஈரம் ஒரு குறிப்பிட்ட அளவில் இருந்தால்தான் நன்றாக இறுகும். கொஞ்சம் காய்ந்தால் பொருக்கு விடும், கொஞ்சம் நனைந்தால் சேறாகிவிடும். ஒரு நாள் மழை பெய்தால் அது காயும் வரை வேலை நிற்கும். நார்வேயில் களிமண்ணுக்குப் பதிலாக, பனியாறுகள் பாறையை அரைத்து விட்டுப்போன மொரெய்ன் என்ற மண்ணைப் பயன்படுத்தி வந்தார்கள். அங்கே வேலை செய்ய முடிந்த கோடையே சில மாதங்கள்தான், அந்தச் சில மாதங்களிலும் மழை. நல்ல மொரெய்ன் அணைக்குப் பக்கத்தில் கிடைக்காவிட்டால் தூரத்திலிருந்து லாரியில் கொண்டுவர வேண்டும், தோண்டிய இடமும் பெரிய வடுவாக நின்றுவிடும். அதனால் 1980களிலிருந்து அந்த நாடு தார் நடுச்சுவருக்கு மாறிக்கொண்டது.

வசதிக்குறைவு ஒரு பக்கம். மண் நடுச்சுவரில் அதைவிடப் பெரிய பயம் அரிப்பு. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் டீட்டன் என்ற 93 மீட்டர் அணை 1976இல் முதல்முறையாக நிரம்பிக்கொண்டிருந்தது. அதன் நடுச்சுவர் காற்று கொண்டுவந்து சேர்த்த நுண்மண்ணால் ஆனது. ஜூன் 5ஆம் தேதி காலையில் கரையின் வெளிப்பக்கம் கலங்கலாகக் கசிவு தெரிந்தது. ஓட்டையை அடைக்க இரண்டு புல்டோசர்கள் மண்ணைத் தள்ளின. ஓட்டை பெரிதாகி இரண்டையும் உள்ளே இழுத்துக்கொண்டது. நண்பகல் வாக்கில் அணை உடைந்தது, 11 பேர் இறந்தார்கள். கசியும் நீர் ஒரு துகளை எடுத்துப் போகும், துகள் போன இடத்தில் வழி அகலும், அகன்ற வழியில் நீர் இன்னும் வேகமாக ஓடும். அப்புறம் அதை நிறுத்த யாராலும் முடியாது. அணையில் கசிவு தெளிந்த நீராக வந்தால் அளந்து பார்த்து யோசிக்க நேரம் இருக்கிறது. கலங்கலாக வந்தால் நேரம் இல்லை.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. கல் சீக்கிரம் அமர்ந்து நிலைத்துவிடும். களிமண் வருடக்கணக்கில் மெல்ல மெல்ல அமரும். அப்படி அமரும்போது அது இரு பக்கக் கல்லையும் உரசிக்கொண்டு, தன் எடையில் ஒரு பங்கை அந்தக் கல்லின் மேல் சாய்த்துத் தொங்க ஆரம்பிக்கும். விளைவு, சுவரின் உள்ளே மண்ணின் அழுத்தம் இருக்க வேண்டிய அளவுக்கு இருக்காது. எந்த இடத்தில் நீரின் அழுத்தம் மண்ணின் அழுத்தத்தைத் தாண்டுகிறதோ அந்த இடத்தில் நீர் சுவரைப் பிளந்துவிடும். பிளவு கண்ட மண்ணில் அரிப்பு தொடங்க வெகுநேரம் ஆகாது.

சரி, தாருக்கு வருவோம். சரியாகச் சொன்னால் இது பிட்டுமின், கச்சா எண்ணெயைச் சுத்திகரித்தபின் அடியில் தங்கும் கறுப்புப் பிசின். நிலக்கீல் என்று தூய தமிழில் எழுதுவதுண்டு. நிலக்கரியிலிருந்து எடுக்கும் பழைய தார் வேறு பொருள். ஆனாலும் ‘தார் ரோடு’ நம் நாக்கில் ஊறிவிட்டதால் நானும் தார் என்றே சொல்லிக்கொள்கிறேன். நீரைத் தடுக்க இதைப் பயன்படுத்துவது புதிதும் அல்ல. மொஹஞ்சதாரோவின் பெருங்குளத்தில் செங்கல்லுக்குப் பின்னால் இந்தப் பூச்சுதான் இருந்தது.

ரோட்டோரத்தில் கிடக்கும் ஒரு தார்க்கட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதிகாலைக் குளிரில் சுத்தியலால் ஓங்கி அடித்தால் கண்ணாடி மாதிரித் தெறிக்கும். அதே கட்டியை ஒரு தட்டில் வைத்துவிட்டுச் சில நாள் கழித்துப் பார்த்தால் மூலை மழுங்கி, அடி பரந்து, தட்டோடு ஒட்டியிருக்கும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927இல் ஒரு கண்ணாடிப் புனலில் தாரின் இனத்தைச் சேர்ந்த கீலை ஊற்றி வைத்தார்கள். 2014 வரை அதிலிருந்து விழுந்தவை மொத்தம் 9 சொட்டு. தொட்டால் கல், ஆனால் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. வேகமாக மோதினால் உடையும், மெதுவாகத் தள்ளினால் வளைந்து கொடுக்கும். இதுதான் தாரின் குணம்.

அணை எப்படி அசைகிறது? மிக மெதுவாக. கல் அமர மாதங்கள், நீர் நிரம்ப மாதங்கள், அடித்தளம் இறங்க வருடங்கள். இந்த வேகத்துக்குத் தார் விரிசல் விடாமல் கூடவே நெளிந்து போகும். ஏதாவது காரணத்தால் சிறு விரிசல் விழுந்தாலும், இருபுறக் கல்லின் அழுத்தத்தில் நாளடைவில் தானே மூடிக்கொள்ளும். துகள்கள் பிசினில் ஒட்டிக் கிடப்பதால் டீட்டனில் நடந்ததுபோல ஒவ்வொரு துகளாக நீர் எடுத்துப் போகவும் முடியாது. என் பார்வையில் இந்த மூன்றாவது காரணம்தான் எல்லாவற்றையும்விடக் கனமானது.

ரோடு போடும் கலவையையே அப்படியே கொண்டுபோய் அணையில் வைக்கலாமா என்றால், கூடாது. ரோட்டுக் கலவையில் தார் எடையில் சுமார் 5 சதவீதம் இருக்கும். கல்லுக்கு நடுவில் காற்று நிற்கக் கொஞ்சம் இடத்தை வேண்டுமென்றே விட்டுவைப்பார்கள். விடாவிட்டால் சித்திரை வெயிலில் தார் பொங்கி மேலே வந்து டயரில் ஒட்டும். அணைக்குள் வெயில் இல்லை, லாரி இல்லை. அங்கே ஒரே கவலை நீர். அதனால் தாரை 6.5 முதல் 7.5 சதவீதம் வரை சேர்க்கிறார்கள். எடையில் 7 சதவீதம் கேட்கச் சின்னதாகத் தெரியும், ஆனால் தார் கல்லைவிட மிக லேசு என்பதால் கனஅளவில் அது 16 சதவீதத்தை நெருங்கிவிடும். பெரிய ஜல்லி 16 அல்லது 18 மில்லிமீட்டர். அதன் சந்தில் சின்ன ஜல்லி, அதன் சந்தில் மணல், அதன் சந்தில் மாவு போன்ற கல்தூள் என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்து, மிச்சம் இருக்கும் இடம் முழுவதையும் தார் நிரப்பி, இன்னும் ஒரு கை அதிகமாக இருக்க வேண்டும். இறுக்கியபின் உள்ளே காற்று 3 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் அந்தக் கலவையில் நீர் புகாது என்றே எடுத்துக்கொள்ளலாம். அந்த அளவில் சந்துகள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனிக் குமிழ்களாக அடைபட்டுவிடும், நீருக்குத் தொடர்ந்து போக வழி இருக்காது.

தார் கூடினால் நல்லதுதானே, 10 சதவீதம் போடலாமே என்று தோன்றும். போட்டால் ஜல்லிகள் ஒன்றையொன்று தொடாமல் தாரில் மிதக்கும். அப்போது சுவர் நிற்காது, பக்கவாட்டில் பிதுங்கும். குறைந்தால் விறைத்துப்போய் நெளியும் குணம் போய்விடும். எந்தத் தார் என்பதிலும் கவனம் வேண்டும். குளிர் நாட்டிலும், அடித்தளம் அதிகம் இறங்கும் இடத்திலும் கொஞ்சம் இளகிய வகைத் தாரைத் தேர்ந்தெடுப்பார்கள்.

இப்போது அந்த இரண்டு முழக் கணக்கு. 100 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரையும் நீர் 100 டன் எடையோடு தள்ளுகிறது. இந்தத் தள்ளுதலைத் தார்ச்சுவர் தாங்கவே வேண்டியதில்லை. அது வாங்கி, பின்னால் இருக்கும் கல்மலையிடம் கொடுத்துவிடுகிறது. தாங்குவது கல், சுவர் தடுப்பதோடு சரி. நீர் புகாத பொருள் என்றால் ஒரு சாண் கனம்கூடத் தடுக்கப் போதும். பிறகு ஏன் அரை மீட்டர் என்றால், அணை அசையும்போது சுவர் ஓர் இடத்தில் கொஞ்சம் மெலியலாம், ஓர் இடத்தில் கொஞ்சம் விலகலாம், வேலை செய்யும்போது கை பிசகலாம். அந்த இழப்புகளுக்கு விட்டுவைத்த இடம் அது. பொதுவாக நீரின் உயரத்தில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கை அடிக் கனமாக வைக்கிறார்கள், 50 சென்டிமீட்டருக்குக் குறைவதில்லை. மெல்லிய சுவருக்கு இன்னொரு நன்மையும் உண்டு. கல் எப்படிப் போகிறதோ அப்படியே கூடப் போகும், எதிர்த்து நிற்காது. கனம் கூடக் கூட அது தனக்கென ஒரு போக்கை எடுத்துக்கொள்ளப் பார்க்கும்.

ஆனால் பெரிய பாறைத் துண்டுகளுக்கு நேரடியாகப் பக்கத்தில் இளகும் தாரை வைக்க முடியாது, பாறைச் சந்துகளுக்குள் பிதுங்கிப் போய்விடும். அதனால் சுவரின் இருபுறமும் ஒன்று, ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு 60 மில்லிமீட்டருக்கு உட்பட்ட உடைகல்லால் ஒரு பட்டை வருகிறது. இதை இடைப்பட்டை என்று சொல்லலாம். தார்ச்சுவரைப் பற்றிப் பேசுபவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. சுவர் செங்குத்தாக நிற்பதே இந்தப் பட்டைகள் இருபுறமும் அணைத்துப் பிடிப்பதால்தான். நீர்ப்பக்கப் பட்டையில் நுண்மணல் போதிய அளவு இருந்தால், எங்காவது விரிசல் விழும்போது நீர் அந்த மணலை இழுத்துக்கொண்டு போய் விரிசலிலேயே அடைத்துவிடும். மறுபக்கப் பட்டை வடிகட்டியாகவும் வடிகாலாகவும் இருக்கும்.

வேலை நடப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் ரோடு போடுவதுபோலவே இருக்கும், ஒரு வித்தியாசத்தோடு. அரை மீட்டர் அகல ரோடு அது, ஒன்றின் மேல் ஒன்றாகச் சில நூறு ரோடுகள். முதலில் நேற்றுப் போட்ட அடுக்கின் மேல் இருக்கும் தூசியையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பார்கள். சுவரின் நடுக்கோட்டைக் கம்பி கட்டியோ கோடு போட்டோ குறித்திருப்பார்கள். கலவையை விரித்துப் போட இதற்கென்றே செய்த பேவர் இயந்திரம் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நகரும். அதன் முன்னால் உள்ள அகச்சிவப்பு அடுப்பு பழைய அடுக்கின் மேற்பரப்பைச் சூடாக்கி இளக்கும். பின்னாலேயே 160 முதல் 180 டிகிரி வரை கொதிக்கும் கலவை நடுவில் விழும், அதே நேரத்தில் இடைப்பட்டைக் கல் இருபுறமும் விழும். மூன்றையும் ஒன்றாகப் போடுவதால் சுவருக்குத் தனியாகப் பலகை அடிக்கும் வேலையே இல்லை. அதன்பின் அதிர்வு ரோலர்கள் வரும், பட்டைகளின் மேல் இரண்டு, நடுவில் தாரின் மேல் சிறியதாக ஒன்று. மூன்றும் ஒரே சீராக நகர வேண்டும். ஒரு பக்கம் முந்திக்கொண்டால் சூடான தார் மறுபக்கம் ஒதுங்கிவிடும்.

இறுகியபின் ஓர் அடுக்கின் கனம் சுமார் 20 சென்டிமீட்டர். ஒரு நாளைக்கு வழக்கமாக இரண்டு அடுக்கு. அதற்கு மேல் அவசரப்பட்டால் கீழே உள்ளது ஆறாமல் நெளிந்துகொண்டே இருக்கும். 125 மீட்டர் ஏற 300 நாளுக்கு மேல் ஆகும் என்பது கணக்கு, குறுகிய கோடை உள்ள நாட்டில் அது பல வருட வேலை. பலத்த மழையில் இதுவும் நிற்கும்தான், ஆனால் மழை விட்டதும் மேற்பரப்பைக் காயவைத்துத் தொடரலாம். களிமண்போல நாள்கணக்கில் காத்துக்கிடக்க வேண்டாம்.

அடுக்குகளுக்கு இடையே ஒட்டு பலவீனமாக இருக்காதா என்ற சந்தேகம் இயல்பாக வரும். நம் தெருவில் பழைய ரோட்டோடு புது ரோட்டை ஒட்டிய கோட்டைப் பார்த்திருப்பீர்கள். மழைக்காலத்தில் முதல் குழி அங்கேதான் விழும். ஆறிப்போன, தூசி படிந்த விளிம்பில் சூடான கலவையைக் கொண்டுபோய்ச் சேர்த்ததன் பலன் அது. அணையில் அந்த அடுப்பு இருப்பதே இதற்காக. சுவரைத் துளைத்து உருளையாக மாதிரி எடுப்பார்கள். நல்ல வேலை என்றால் அந்தக் கறுப்பு உருளையை எப்படித் திருப்பிப் பார்த்தாலும் ஓர் அடுக்கு எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்று கண்ணுக்குத் தெரியாது. வெட்டிய முகத்தில் பளிச்சென்று ஜல்லி, சுற்றிலும் பளபளக்கும் கறுப்பு, அவ்வளவுதான். அதே மாதிரியை ஆய்வகத்தில் எடைபோட்டுக் காற்றின் சதவீதத்தையும் பார்த்துவிடுவார்கள். துளைத்த ஓட்டையை மறுபடி தாரால் அடைத்துவிட வேண்டும்.

சுவர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதன் காலடியில் நீர் நுழைந்தால் பயனில்லை. அதனால் பாறையின் மேல் முதலில் ஒரு கான்கிரீட் பீடம் கட்டுகிறார்கள். அந்தப் பீடத்தின் வழியே பாறைக்குள் ஆழமாகத் துளையிட்டு, அழுத்தம் கொடுத்துச் சிமெண்ட் பாலைச் செலுத்தி, பாறையின் வெடிப்புகளை ஒரு திரைபோல அடைக்கிறார்கள். பீடத்தின் மேற்பரப்பைச் சுத்தமாகத் தேய்த்து, அதன்மேல் தார் மிகுந்த குழைவான பூச்சு ஒன்று. அதன்மேல்தான் சுவர். பீடத்தைத் தொடும் இடத்திலும் இருபக்க மலையைத் தொடும் இடத்திலும் சுவர் யானைக்கால்போல அகன்று அமரும். கான்கிரீட் அசையாது, தார் அசையும், இரண்டும் சேரும் கோடுதான் வடிவமைப்பாளரைத் தூங்கவிடாத இடம். அடிப்பகுதியில் இயந்திரம் நுழையாத மூலைகளில் கையால்தான் போட வேண்டும் என்பதால் மேற்பார்வையும் அங்கேதான் அதிகம்.

நெளிந்து கொடுக்கும் என்று சொன்னதற்கு நல்ல சாட்சி ஆஸ்திரியாவின் எபர்லாஸ்டே அணை. 1968இல் கட்டியது, உயரம் வெறும் 28 மீட்டர். ஆனால் அது நிற்பது பாறையில் அல்ல, ஆறு கொண்டுவந்து நிரப்பிய ஆழமான வண்டலில். அடித்தளம் இரண்டு மீட்டருக்கும் மேல் இறங்கியது. 28 மீட்டர் அணைக்கு இரண்டு மீட்டர் இறக்கம் என்பது விறைப்பான எந்தச் சுவரையும் துண்டு துண்டாக்கிவிடும். அங்கே தார்ச்சுவர் கூடவே இறங்கி, நீரையும் நிறுத்திக்கொண்டிருந்தது. சீனாவின் சிச்சுவானில் 2005இல் முடிந்த யேலே அணை இதே துணிச்சலை 125 மீட்டர் உயரத்தில் காட்டியது. 400 மீட்டருக்கும் ஆழமான படிவுகள் உள்ள இடம், நிலநடுக்கப் பகுதி வேறு. சுவரின் கனம் மேலே 60 சென்டிமீட்டர், கீழே 120 சென்டிமீட்டர் என்று கூட்டி வைத்தார்கள். நிலநடுக்கம் திடீரென்று வருவது, தாரோ திடீரென்று அடித்தால் உடைவது, அப்படியானால் ஆபத்தில்லையா என்று கேட்கலாம். கல்லின் அணைப்பில் அழுந்திக் கிடக்கும் தார், வெளியே தனியாகக் கிடக்கும் கட்டிபோல நடந்துகொள்வதில்லை. அதிகம் குலுங்குவதும், அழுத்தம் குறைவாக இருப்பதும் உச்சிப் பகுதிதான், கவலையும் கூடுதல் கனமும் அங்கே போகின்றன.

இயந்திரத்தால் போட்டு இறுக்கிய முதல் தார் நடுச்சுவர் ஜெர்மனியின் க்ளைனெ டூன் அணையில், 1962இல் வந்தது. 1978இல் முடிந்த ஹாங்காங்கின் ஹை ஐலண்ட் நீர்த்தேக்கத்தில் கடல் கால்வாயின் இரு முனைகளையும் சுமார் 100 மீட்டர் உயரமான இரண்டு அணைகளால் அடைத்தார்கள், இரண்டின் நடுவிலும் தார். ஆஸ்திரியாவின் ஃபின்ஸ்டர்டால் அணையில் சுவரைச் சாய்வாக வைத்தார்கள். சாய்த்தால் பின்னால் தாங்கும் கல் கூடும் என்பது நியாயம்தான், ஆனால் போடுவது எளிது என்பதால் பெரும்பாலானவர்கள் செங்குத்தையே விரும்புகிறார்கள். கனடாவின் கியூபெக்கில் ரோமேன் ஆற்றின் இரண்டாவது அணையும் தார் நடுச்சுவரோடு 2014இல் பயன்பாட்டுக்கு வந்தது. சிச்சுவானின் சூஷுவே அணை 170 மீட்டரையும் தாண்டிவிட்டது.

குறையைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. மலைக்குள் புதைந்த சுவரை யாரும் போய்ப் பார்க்க முடியாது. நீர்ப்பக்கச் சரிவில் கான்கிரீட் பலகை போர்த்திய அணையில் விரிசல் விழுந்தால் நீரை இறக்கிவிட்டுப் பூசலாம். இங்கே அந்த வழி இல்லை, மிஞ்சிப்போனால் மேலிருந்து துளையிட்டு இடைப்பட்டைக்குள் சிமெண்ட் பாலைச் செலுத்திப் பார்க்கலாம். அதனால்தான் போடும் நாளிலேயே ஒவ்வொரு அடுக்கையும் அவ்வளவு பிடிவாதமாகச் சோதிக்கிறார்கள்.

கட்டி முடித்தபின் சுவரோடு பேச இருக்கும் வழி கசிவு நீர்தான். சுவரைத் தாண்டி வரும் நீரைப் பீடத்தின் ஓரமாகப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சேகரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வாய்க்கால் வைக்கிறார்கள். வாய்க்காலின் முனையில் ‘வி’ போல வெட்டிய ஒரு தகடு இருக்கும், அதன்மேல் வழியும் நீரின் உயரத்தைப் பார்த்தால் நொடிக்கு எத்தனை லிட்டர் என்று தெரியும். எந்த வாய்க்காலில் கூடுகிறதோ அந்தப் பகுதியில் ஏதோ நடக்கிறது என்று பொருள். மழையோ பனி உருகலோ கலந்தாலும் அந்த எண் கூடும். ஆகவே மழைமானியின் அளவையும் நீர்த்தேக்கத்தின் மட்டத்தையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டுதான் அதைப் படிக்க வேண்டும்.